384 பேரும் ஒரு மஞ்சள் பையும்

அன்புள்ள ஐயா,

எனக்கு ஆத்தூர் பக்கம் ஒரு கிராமம். மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு, இரண்டாம் ஆண்டு. சேலம் வட்டார ஜவ்வரிசித் தொழிலின் பிரச்சினைகளும் வாய்ப்புகளும் என்று தலைப்பைப் பதிவு செய்திருக்கிறேன். வினாத்தாளில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' தொடங்கி 'முழுமையாக மறுக்கிறேன்' வரை ஐந்து கட்டங்கள். 384 பேரிடம் வாங்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார். இதுவரை 61 பேர் ஆகியிருக்கிறது. மில்லுக்காரர்கள் உட்கார வைத்து டீ கொடுக்கிறார்கள், பிறகு மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் டிக் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். விவசாயிகள், 'நீங்களே பாத்துப் போட்டுக்கங்க தம்பி' என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் மூன்று ஏக்கர் குச்சிக்கிழங்குதான், அதாவது மரவள்ளி. ஆய்வைப் பற்றி அப்பாவிடம் சொன்னபோது, 'பாயிண்ட் ஏன் கொறையுதுன்னு கண்டுபுடிப்பியா?' என்று கேட்டார். அது என் தலைப்பில் வராது, அது விவசாயத் துறை பார்க்க வேண்டியது என்றேன். எழுந்து போய்விட்டார். அவர் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் மில்லில் கொடுக்கும் சீட்டை ஒன்று விடாமல் ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருப்பவர்.

நம் வட்டாரத்து விவசாயம், தொழில் பற்றிச் செய்யும் இந்த மாதிரி ஆய்வுகளால் யாருக்காவது பயன் உண்டா, இல்லை பட்டத்துக்கு மட்டும்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அந்த 384-ஐ முடித்துவிடுவோம். மொத்த ஆட்கள் எத்தனை என்று தெரியாத பெருங்கூட்டம், பதில் பாதிக்குப் பாதி பிரியலாம், 95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை என்று வைத்துக்கொண்டு சூத்திரத்தில் போட்டால் 384 வரும். அதனால்தான் செல்போன் வாங்குகிறவர்களைப் பற்றிய ஆய்விலும் 384, நகைச் சீட்டுக் கட்டுகிறவர்களைப் பற்றிய ஆய்விலும் 384. சூத்திரத்தில் தப்பில்லை. ஆனால் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் சம வாய்ப்போடு சிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. கேட்டைத் திறந்து டீ கொடுத்தவர்கள் மட்டும் சிக்கினால் 384 என்ன, 3,840 பேர் ஆனாலும் ஒன்றுதான். அப்புறம், நம் பக்கத்து சேகோ மில்கள், அதாவது ஜவ்வரிசி ஆலைகள், எண்ண முடியாத பெருங்கூட்டம் இல்லை. சில நூறுதான், ஒரு பைக்கும் ஒரு வருடமும் இருந்தால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

வினாத்தாளைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. பட்டமும் வேண்டும், கைடின் கையெழுத்தும் வேண்டும். அது ஒரு பக்கம் நடக்கட்டும். உங்கள் அப்பா கேட்டதுதான் கேள்வி. அதை 'விவசாயத் துறை' என்று தள்ளிவிட்டீர்கள் பாருங்கள், உங்கள் ஆய்வு சப்பென்று போனது அங்கேதான்.

இந்தப் பக்கம் பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் மரவள்ளிக்கு எடையை மட்டும் பார்த்து விலை போடுவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதற்கு ஓர் எண் உண்டு, அதைத்தான் பாயிண்ட் என்பார்கள். ஒரு பாயிண்டுக்கு இத்தனை ரூபாய் என்று அன்றைய விலை, அதைப் பாயிண்டால் பெருக்கினால் ஒரு டன்னுக்கான பணம்.

ராசிபுரம் பக்கம் ஒரு மில்லில் ஓர் ஐப்பசி மாதம் அரை நாள் நின்று இதைப் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவின் கிழங்கு லோடோடு போயிருந்தேன். எழுத்தர் வந்து லோடின் ஒரு ஓரத்திலிருந்து ஏழெட்டுக் கிழங்கை உருவினார். மண்ணைத் தட்டி, காம்பை நறுக்கித் தராசில் ஒரு எடை போட்டார். பிறகு அதே கிழங்கைக் கம்பிக்கூடையில் போட்டு, தண்ணீர்த் தொட்டிக்குள் தொங்கவிட்டு இன்னொரு எடை. மாவு கூடுதலாக உள்ள கிழங்கு அடர்த்தியானது, தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். இதில் எந்த மோசடியும் இல்லை, ஆர்க்கிமிடீஸ் காலத்துச் சங்கதி. ஆனால் கூடை ஆடி நிற்பதற்குள் எழுத்தர் 'இருபத்தாறு' என்றார். சித்தப்பா, 'இருபத்தெட்டு இருக்குமே' என்றார். 'நேத்து மழ பேஞ்சிருக்குல்ல' என்றார் எழுத்தர். அவ்வளவுதான் பேச்சுவார்த்தை. இரண்டு பாயிண்ட் போனது.

கணக்குக்காக ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பாயிண்ட் என்றால் டன்னுக்கு 600 ரூபாய், பத்து டன் லோடுக்கு 6,000. வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, ஆகவே இந்த 6,000 நேராக லாபத்திலிருந்துதான் போகும். எழுத்தர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. மழைக்குப் பின் வெட்டிய கிழங்கில் பாயிண்ட் குறைவது உண்மை. மாதம் முற்றாமல் வெட்டினாலும் குறையும், மாவுப்பூச்சி அடித்திருந்தாலும் குறையும், ரகத்துக்கு ரகமும் மாறும். மண் ஒட்டிய கிழங்குக்குக் கழிவு போட்டே தீர வேண்டும் என்று மில்லுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு பாயிண்டில் எவ்வளவு மழை, எவ்வளவு கூடையின் ஆட்டம் என்று பிரித்துச் சொல்ல அன்று அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. உங்கள் அப்பா அதைத்தான் கேட்டிருக்கிறார். லோடில் எந்த மூலையிலிருந்து கிழங்கை உருவுவது என்பது, நீங்கள் வகுப்பில் படித்த மாதிரியெடுத்தலேதான்.

சரி, சித்தப்பா ஏன் லோடைத் திருப்பிக்கொண்டு வேறு மில்லுக்குப் போகவில்லை?

போக முடியாது. மரவள்ளி மண்ணுக்குள் இருக்கும்வரைதான் கெட்டி. வெட்டிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமாகக் கோடு விழுந்து கெட ஆரம்பித்துவிடும். அதே கிழங்கு மில்லுக்குள் போய், அரைபட்டு, தொட்டியில் மாவாகப் படிந்து, குருணையாக உருண்டு, வறுபட்டு, களத்தில் காய்ந்து ஜவ்வரிசியாக வெளியே வந்துவிட்டால் மாதக்கணக்கில் மூட்டையில் இருக்கும். மில்லின் கேட்டுக்கு வெளியே நாள் கணக்கு, உள்ளே மாதக் கணக்கு. பேரத்தில் யார் காத்திருக்க முடியுமோ அவர் கை ஓங்கும். விவசாயிக்கு இருக்கிற ஒரே குடோன் அவருடைய மண்தான். விலை சரியில்லை என்றால் வெட்டாமல் விட்டுவைக்கலாம், ஆனால் பத்து மாதப் பயிர் அது. அதற்கு மேல் நின்றால் நார் ஏறும், அடுத்த வெள்ளாமைக்கு நிலம் கிடைக்காது, வாங்கிய கடன் வாசலில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் மேலாண்மைக்காரருக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். சேகோசர்வ் உங்களுக்குத் தெரியும். 1981-ல் பதிவான கூட்டுறவுச் சங்கம். மூட்டைகளை வைக்கக் குடோன், வைத்த சரக்கின் பேரில் முன்பணம், வெளிமாநில வியாபாரிகள் போட்டி போட்டு வாங்க டெண்டர். அதற்கு முன் மில்லுக்காரர்கள் தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதாவது, விவசாயிக்கு இன்று இருக்கும் அதே காத்திருக்க முடியாத கஷ்டம் அவர்களுக்கும் இருந்தது. சங்கம் வந்து அவர்களுக்குக் காத்திருக்கும் வசதியைக் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் அது உற்பத்தியாளர்களின் சங்கம், அங்கே உற்பத்தியாளர் என்றால் மில்லுக்காரர். கிழங்கை விளைவிக்கிறவர் அதில் உறுப்பினர் இல்லை.

இதோடு குஜராத்தில் 1946-ல் கெய்ராவில் தொடங்கிய பால் சங்கத்தை வைத்துப் பாருங்கள். பால் கிழங்கைவிட மோசம், சில மணி நேரத்தில் கெட்டுவிடும். அதிலிருந்து செய்கிற பால் பவுடரோ மாதக்கணக்கில் இருக்கும். அங்கே மாடு வைத்திருப்பவர்களே ஆலைக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள். பால் சொசைட்டியில் கொழுப்பு குறைவு என்று மெஷின் காட்டினாலும், ஆலையின் லாபத்தில் ஒரு பங்கு சுற்றிக்கொண்டு மாட்டுக்காரரிடமே வரும். நம் பக்கம் பாயிண்ட் குறைந்தால் குறைந்ததுதான். பாலுக்கு அப்படி அமைந்தது கிழங்குக்கு ஏன் அமையவில்லை? பால் தினமும் இரு வேளை சங்கத்துக்கு வருவது, கிழங்கு வருடத்துக்கு ஒரு முறை வருவது, அது ஒரு காரணமா? கரும்புக்கு இருப்பது போல அரசு நிர்ணயிக்கும் விலை மரவள்ளிக்கு இல்லாதது ஒரு காரணமா? விலை விழும்போதெல்லாம் ஆட்சியர் முன்னிலையில் விவசாயி, மில்லுக்காரர், அரசு என்று முத்தரப்புக் கூட்டம் நடக்கிறதே, அதில் பேசிய விலை எத்தனை நாள் தாக்குப் பிடிக்கிறது? ஒரு நல்ல ஆய்வேட்டுக்கு இது போதும். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தில் இது எதுவும் சிக்காது.

நீங்கள் கேட்ட பயன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் தொழிலே யாரோ ஒருவர் துறைகளைக் கலந்து யோசித்ததால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றது, அமெரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த மக்காச்சோள மாவும் நின்றது. சேலம் மாணிக்கம் செட்டியார் வியாபாரத்துக்காகக் கேரளம் போய்வருபவர். அங்கே மரவள்ளி மாவைப் பார்த்திருக்கிறார். பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவுக்கு ஜவ்வரிசி செய்யும் விதம் தெரியும். 1943-ல் இருவரும் சேர்ந்தார்கள். வெங்கடாசலக் கவுண்டர் என்ற மெக்கானிக் இயந்திரங்களைச் சீர்செய்து கொடுத்தார். ஒருவருக்குச் சரக்கு தெரியும், ஒருவருக்குச் செய்முறை, ஒருவருக்கு இரும்பு. அடுத்த வருடமே பஞ்சம். சாப்பிடுகிற கிழங்கை மாவாக்கக் கூடாது என்று ஆட்சியர் தடை போட, அதை நீக்க இவர்கள் மேலிடம்வரை அலைந்தார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்தக் கதை எல்லாம் மறுபடி பேசப்பட்டது. (நம் வீடுகளில் பாயசத்துக்கும் வடகத்துக்கும் ஆகிற ஜவ்வரிசி கொஞ்சம்தான். வடக்கே நவராத்திரி விரதம் இருக்கிறவர்களை நம்பித்தான் ஆத்தூர்க் களங்களில் ஜவ்வரிசி காய்கிறது.)

இன்னொன்று நம் கண்ணெதிரே நடந்தது. 2020-ல் திருச்சூரில் மரவள்ளி மாவுப்பூச்சியைக் கண்டார்கள். தென்னமெரிக்கப் பூச்சி. 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மரவள்ளியை அழித்த அதே பூச்சி. சீக்கிரமே நம் பக்கமும் வந்துவிட்டது. மருந்தடித்து மாளவில்லை. இந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு வளரும் ஒரு சின்னக் குளவி உண்டு, அனாகைரஸ் லோபெசி என்று பெயர். பராகுவேயில் கண்டெடுத்து ஆப்பிரிக்காவில் விட்டு, அங்கே பயிரைக் காப்பாற்றிய குளவி. பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சி வள மையம் அதை 2021-ல் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்தது. 2022-ல் உங்கள் ஆத்தூர்ப் பக்கம் உள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஆத்தூரிலிருந்து ஏத்தாப்பூர் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வட்டார ஆய்வின் பயனைப் பற்றிச் சந்தேகம் வந்தால் அங்கே போய் வாருங்கள்.

அதிலும் உங்கள் துறைக்கு ஒரு பங்கு இருந்தது, யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. பூச்சி பரவியதில் விதைக்குச்சிக்குப் பெரிய பங்கு. ஒரு காட்டில் வெட்டிய குச்சி லாரியில் ஏறி நாலு தாலுகா தாண்டிப் போகிறது. யாரிடமிருந்து யாருக்கு, யார் பேச்சை நம்பி? குளவி விட்ட காட்டுக்குப் பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால் குளவியும் சாகும். அடிக்க வேண்டாம் என்று அவரிடம் யார் சொல்வது? பெரும்பாலும் விவசாயி யோசனை கேட்பது உரக்கடைக்காரரிடம், அவர் மருந்து விற்கிறவர். மேலாண்மை என்றால் இதுவும்தானே.

ஆகவே நான் சொல்வது இது. இருபது மில் போதும், ஆனால் ஒரு சீசன் முழுக்க அந்தத் தராசுப் பக்கம் நில்லுங்கள். என்ன ரகம், எத்தனை மாதப் பயிர், கடைசி மழை எப்போது, வெட்டிய மணி, எடை போட்ட மணி, எழுத்தர் சொன்ன பாயிண்ட். முடிந்தால் லோடின் நாலு மூலையிலிருந்தும் கிழங்கு எடுத்து நீங்களே ஒரு தராசில் போட்டுப் பாருங்கள். மில்லுக்காரரை எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம். மக்காச்சோள மாவு கலந்து விற்கிறவரோடு போட்டி போட முடியாமல் திணறுகிற நேர்மையான மில்லுக்காரர்கள் பலர் உண்டு, சரியான பாயிண்ட் கணக்கு அவர்களுக்கும் வேண்டும். கைடு கேட்டால் விநியோகச் சங்கிலி என்று ஒரு பெயர் இருக்கிறது, அதைச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்.

அதற்கெல்லாம் முன்னால் அந்த மஞ்சள் பை. அதில் தேதி, எடை, பாயிண்ட், விலை எல்லாம் ஒரே காட்டுக்கு, வருடக்கணக்காக வரிசையாக இருக்கும். அந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் மழைக் கணக்கை எழுதிப் பாருங்கள், அப்பாவின் கேள்விக்கு முதல் பாதிப் பதில் வந்துவிடும். எடைமேடையில் கொடுக்கும் கணினிச் சீட்டு இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துப் போகும். அதனால் புதியதிலிருந்து தொடங்காமல் பழையதிலிருந்து போட்டோ எடுங்கள், வெயிலில் விரித்துப் போடாமல் திண்ணை நிழலில் வைத்து. பையைக் கேட்கும்போது எதற்கு என்று சொல்லிக் கேளுங்கள். சீட்டின் பின்பக்கம் பேனாவில் ஏதாவது எழுதி வைத்திருப்பார், அதையும் விடாதீர்கள்.