ஏரிக்கரை அக்கா பதில்கள்: பம்ப்ஃபொயில் பழகுவோருக்கு

அக்கா, சூரிச் ஏரியில் ஒருவர் மோட்டார், காற்று, அலை எதுவும் இல்லாமல் தண்ணீருக்கு மேலே ஒரு பலகையில் துள்ளித் துள்ளிப் போவதைக் கண்டேன். அது எப்படி மிதக்கிறது?
- வாசகர், பாசல்

மிதக்கவில்லை தம்பி, பறக்கிறது. அந்தப் பலகையைச் சும்மா தண்ணீரில் வைத்து ஏறி நின்றால் ஆளோடு சேர்ந்து தாழ்ந்துவிடும். அதற்குக் கீழே முக்கால் மீட்டர் அளவில் ஒரு மாஸ்ட், அதாவது செங்குத்தான கம்பம், இருக்கிறது. மாஸ்டின் அடியில் ஒரு தண்டு, தண்டின் முன் முனையில் பெரிய இறக்கை, பின் முனையில் சின்ன இறக்கை. இது எல்லாம் சேர்ந்ததுதான் ஃபொயில். இறக்கை தண்ணீருக்குள் வேகமாக ஓடும்போது தூக்குவிசை பிறக்கும். தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தியானது. அதனால்தான் இவ்வளவு சின்ன இறக்கையால் ஒரு முழு ஆளைத் தூக்க முடிகிறது.

வேகத்தை யார் கொடுப்பது? முதலில் இறங்குதுறையில் ஓடிவரும் கால்கள். அதற்குப் பிறகு நடப்பது, ஊஞ்சலில் நின்றுகொண்டு உந்துவோமே, அதே வேலைதான். அழுத்தும்போது இறக்கை கீழே இறங்கி முன்னுக்குத் தள்ளும். உடம்பை இலேசாக்கும்போது மேலே எழும்பும். ஹவாயின் மாவி தீவில் காய் லெனி போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் 2016 அளவில் கடல் அலைகளில் ஃபொயில் ஓட்டியபோது, ஓர் அலையிலிருந்து அடுத்த அலைக்குப் போவதற்கு இப்படிக் காலால் உந்தினார்கள். அந்த உந்தலை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் பம்ப்ஃபொயில். கடல் இல்லாத சுவிஸுக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டு கிடையாது என்பது என் கட்சி.

எனக்கு 46 வயது, 82 கிலோ. மலிவாகக் கிடைத்ததால் 1200 சதுர சென்டிமீட்டர் முன் இறக்கையோடு ஒரு பழைய செட் வாங்கினேன். ஒரு மாதமாகப் பாய்கிறேன், ஒரு தடவைகூட எழும்பவில்லை. காலில் பலம் போதாதா?
- வாசகர், வின்டர்தூர்

கால் பாவம், அதைத் திட்டாதீர்கள். இறக்கைதான் சின்னது. தூக்குவிசை இறக்கையின் பரப்போடு கூடும். வேகத்தோடு இன்னும் கூடும், அதாவது வேகம் இரட்டித்தால் விசை நாலு மடங்கு. உங்கள் எடையோடு பலகை, ஃபொயில் எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தேன். 1200 இறக்கை உங்களைத் தாங்க மணிக்கு ஏறக்குறைய 15 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 2000 என்றால் 12 போதும். 12 என்பது ஒரு கலகலப்பான ஓட்டம். 15 என்பது, கையில் பலகையையும் தூக்கிக்கொண்டு, ஈரப் பலகைத் துறையில், நாலைந்து எட்டுக்குள் எடுக்க வேண்டிய வேகம். பழகியவர்களுக்குச் சரி, உங்களுக்கு இப்போது வேண்டாம்.

இறக்கையை மட்டும் மாற்றுங்கள். 1800 முதல் 2200 வரை தேடினால் நல்லது. அதே தயாரிப்பாளரின் பழைய இறக்கையாகப் பார்த்து வாங்குங்கள், மற்றவர்களுடையது அநேகமாகத் தண்டில் பொருந்தாது. அலுமினிய மாஸ்ட் பரவாயில்லை. கார்பனுக்குக் காசைக் கொட்டுவதை அடுத்த வருடம் பார்க்கலாம். அப்புறம் ஒன்று: பெரிய இறக்கையில் எழும்பிய மூன்றாம் நாளே "இது மந்தமாக இருக்கு, சின்னதுக்குப் போகலாமா" என்று எனக்கு எழுத வேண்டாம்.

துறையிலிருந்து பாயும்போது சில நேரம் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்துகிறது. சில நேரம் பலகை முன்னே ஓட, நான் பின்பக்கமாக விழுகிறேன். எங்கே பிழை?
- வாசகி, லுசேர்ன்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதே கேள்விதான். அதனால் தங்கச்சி, வடிவாகவே சொல்கிறேன். தொடக்கக்காரர்கள் எல்லோரும் உந்தலைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். உண்மையில் ஆரம்பத்தில் பழக வேண்டியது உந்தல் இல்லை, பலகையில் கால் வைப்பது. நன்றாக ஏறி நின்றவர் உந்தத் தெரியாமலே பத்து மீட்டர் வழுக்கிப் போவார். கோணலாக ஏறியவரை எந்த உந்தலும் காப்பாற்றாது.

முதலில் பலகையைப் புரட்டிப் போட்டு, முன் இறக்கை எந்த இடத்துக்கு நேரே வருகிறது என்று பாருங்கள். அது மாஸ்டுக்குச் சற்று முன்னால் இருக்கும். மேற்பக்கத்தில் அந்த இடத்தில் குறுக்கே ஒரு நிற டேப் ஒட்டுங்கள். உங்கள் எடை அந்தக் கோட்டின் மேல் விழ வேண்டும்: முன்கால் கோட்டுக்கு முன்னே, பின்கால் பின்னே, தோளகல இடைவெளி. மூக்கு குத்தினால் பாரம் கோட்டைத் தாண்டி முன்னே போய்விட்டது, அல்லது பலகையை மூக்குத் தாழ வைத்துவிட்டீர்கள். பின்பக்கமாக விழுந்தால் பாரம் பின்னே நின்றுவிட்டது.

அடுத்தது, பலகையை எறியாதீர்கள். ஓடும் திசையில், ஓடும் வேகத்திலேயே, தட்டையாகத் தண்ணீரில் கிடத்திவிடுங்கள். கை விட்ட கணமே கால் போக வேண்டும். ஒரு மூச்சு தாமதித்தாலும் பலகை உங்களை விட்டுவிட்டு ஓடிவிடும், நீங்கள் எட்டிப் பிடிக்கப் பார்ப்பீர்கள், பாரம் பின்னே நிற்கும். பலரும் கடைசி எட்டில் பயந்து ஓட்டத்தைக் குறைக்கிறார்கள். கடைசி எட்டுத்தான் எல்லாவற்றிலும் வேகமானதாக இருக்க வேண்டும். உயரப் பாயவும் கூடாது. மேலே எழும்பியவர் மேலிருந்து பொத்தென்று விழுவார், அந்த அடியில் பலகை தண்ணீரைத் தொட்டதும் வேகம் செத்துவிடும். துறையின் உயரம் கெண்டைக்கால் முதல் முழங்கால் வரை இருந்தால் சுகம். துறை அதைவிட உயரமென்றால் வேறு இடம் பாருங்கள்.

முழங்காலை மடித்து, முன்கால், உடனே பின்கால், டப் டப் என்று வைக்க வேண்டும். பார்வை அக்கரையில் இருக்கட்டும், ஒரு தேவாலயக் கோபுரமோ மரமோ பிடித்துக்கொள்ளுங்கள். காலைப் பார்த்தால் தலை குனியும், தலையோடு பாரமும் முன்னே போகும்.

ஃபொயிலைக் கழற்றிவிட்டு, புல்தரையில் வெறும் பலகையை வைத்து இந்தக் கால்வைப்பைப் பழகலாம். அயலவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும். துறையில் யாரையாவது பக்கவாட்டில் நிறுத்தி, போனில் மெதுவோட்ட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். முன்கால் படும் கணத்தில் படத்தை நிறுத்தி, பலகையின் சரிவையும் டேப்பையும் பாருங்கள். நான் முதியோர் இல்லத்தில் தாதி, பின்நேர வேலை உள்ள நாட்களில் காலையில் ஏரிக்குப் போவேன். அங்கே எனக்குப் படம் எடுப்பது, நாயோடு நடக்க வரும் ஒரு சுவிஸ் அம்மா. என் கால்வைப்பின் குறைகளை இப்போது அவர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

ஏறிவிடுகிறேன், ஆனால் நாலு உந்தலில் பலகை தண்ணீரைத் தொட்டுவிடுகிறது. கால் உளைவு தாங்கவில்லை.
- வாசகர், பேர்ன்

மிதிக்கிறீர்கள் போலிருக்கிறது. மிதித்தால் பலகை கீழேதான் போகும். அழுத்துவது பாதி வேலை, அழுத்திய பிறகு இடுப்பை நிமிர்த்தி உடம்பை இலேசாக்குவது மறுபாதி. பலகை மேலே வருவது அப்போதுதான். இலேசாக்கிய பின் ஒரு கணம் வழுக்க விடுங்கள், பெரிய இறக்கைக்கு அவசரம் பிடிக்காது. பலகை உயரத்திலேயே இருக்கட்டும், மாஸ்ட் நிறையத் தண்ணீருக்குள் இருந்தால் இழுவை கூடும். ஆனால் இறக்கை வெளியே தலைகாட்டினால் காற்றை இழுத்துக்கொண்டு சடாரென்று விழுத்தும். திரும்பி வந்து துறையில் ஏறுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். நேரே போங்கள், விழுங்கள், நீந்தி வாருங்கள்.

என் மகனுக்கு 13 வயது, கேட்டு அடம் பிடிக்கிறான். ஆபத்தில்லையா அக்கா?
- ஒரு தாய், தூன்

ஆபத்து இருக்கிறது தங்கச்சி, மறைக்க மாட்டேன். இறக்கையின் ஓரம் தோலைக் கிழிக்கும். விழும்போது பலகையைப் பிடிக்கப் பார்க்காமல் அதை விட்டு விலகி விழ வேண்டும் என்பதை முதல் நாளே மண்டையில் ஏற்றுங்கள். தலைக்கவசம், அடி தாங்கும் மிதவை அங்கி, காலுக்கு நியோப்ரீன் சப்பாத்து மூன்றும் இல்லாமல் துறைக்கு விடாதீர்கள். துறையருகே தண்ணீர் அவன் நெஞ்சுக்கு மேலே இருக்க வேண்டும், அடியில் கல் இருக்கக் கூடாது. ஆட்கள் குளிக்கும் நேரத்தில் பாடியில் (ஏரிக்கரைக் குளிப்பிடத்தில்) பாய்வது கூடாது, பயணிகள் கப்பல் வந்து நிற்கும் துறை எந்த நேரமும் கூடாது. ஏப்ரலில் வெய்யிலைப் பார்த்து ஏமாறாதீர்கள், ஏரி அப்போதும் 10 பாகை அளவில்தான் இருக்கும், வெட்சூட் வேண்டும்.

இதையெல்லாம்விட முக்கியம், அவனுக்கு நன்றாக நீந்தத் தெரியுமா? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பழகிவிடுகிறார்கள். கரையில் நின்று பார்க்கும் எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்களும் ஒரு நீச்சல் வகுப்பில் சேருங்கள், இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

ஆகஸ்டில் யாழ்ப்பாணம் போகிறோம். செட்டைக் கொண்டுபோகலாமா?
- வாசகர், சென் காலன்

கடல்நீரேரியை நம்பிக் கொண்டுபோகாதீர்கள். பல இடங்களில் இடுப்பளவுகூட இருக்காது, மாஸ்ட் சேற்றில் குத்தும். சாதாழையும் மீன் வலையும் இறக்கையில் சிக்கும். வலை கிழிந்தால் அது ஒருவருடைய சாப்பாட்டுக்கான காசு. ஆழமான மீன்பிடித் துறைகள் இருக்கின்றன, ஆனால் அங்கே படகுக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும், விடியற்காலையில் வேலைக்கு இடைஞ்சலாகவும் நிற்கக் கூடாது. அப்படியும் கொண்டுபோகிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, ஆணிகளைக் கழற்றிக் கிரீஸ் பூசி வையுங்கள். அலுமினிய மாஸ்டில் உப்போடு இறுகிய ஆணி பிறகு எந்தச் சாவிக்கும் அசையாது.