ஓய்வுக்குப் பிறகு ஊழியம்: தான்சேனிலிருந்து பதில்கள்

(நர்சிங் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற கணவரோடு, நேபாளத்தின் பால்பா மாவட்டம் தான்சேனில் மிஷன் மருத்துவமனை ஊழியத்தில் இருக்கிறார். வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறார்.)

பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டோம். இருவருமாக வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக ஆசை. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்? – வாசகி, நாசரேத்

பெரிதாக எதுவும் நடக்காத நாட்கள்தான் அதிகம், சகோதரி. அதற்கு மனதை ஆயத்தப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

காலையில் ஜெபம், கட்டங்காப்பி. அப்புறம் என் வீட்டுக்காரர் ஸ்குரூ டிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓடாத ஸ்ட்ரெச்சர் சக்கரம், ஆட்டம் காணும் கட்டில் கைப்பிடி, எரிந்துபோன பிளக் எல்லாம் அவர் வேலை. இளம் டாக்டர்களுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? எங்களிடம் நேரம் இருக்கிறது. வயதானவர்கள் கொண்டுபோகக்கூடிய பெரிய காணிக்கை அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் பெரும்பாலும் வார்டில் குருவாக்களோடு இருப்பேன். நோயாளிக்குத் துணையாக வந்து தங்கும் வீட்டு ஆட்களை இங்கே அப்படிச் சொல்கிறார்கள். பனிக்காலத்தில் மலையில் புல் காய்ந்துவிடும். மாட்டுக்குத் தழை வெட்ட மரம் ஏறி, விழுந்து, முதுகெலும்பு முறிந்து வருகிறவர்கள் எத்தனையோ பேர். பெண்களும் உண்டு. போன குளிர்காலத்தில் அப்படி ஒரு அம்மாவைக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. குருவாவாக வந்தவர் அவருடைய கணவர். நாலு வீடு கேட்கச் சத்தமாகப் பேசுகிற விவசாயி. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு கையைத் தோளுக்குக் கீழே கொடுங்கள், மறு கையை இடுப்புக்குக் கீழே கொடுங்கள், இழுக்காதீர்கள், உருட்டுங்கள் என்று என் ஓட்டை நேபாளியில் சொல்லிக் கொடுத்தேன். முதலில் அவருக்கு வெட்கம், நாலு பேர் பார்க்க மனைவியைத் தொடுவதா என்று. வீட்டுக்குப் போகும் சமயத்தில், குதிகாலில் சிவப்பு தட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிற அளவுக்குத் தேறிவிட்டார். நர்சிங் பள்ளியில் அத்தனை வருஷம் நடத்திய பாடம்தான். ஆனால் இவருக்குச் சொல்லிக் கொடுத்ததில் எனக்குக் கிடைத்த நிறைவு வேறு.

சாப்பாடு பத்து மணிக்கு ஒருதரம், ராத்திரி ஒருதரம், இரண்டு வேளையும் பருப்பும் சோறும்தான். புளிக்க வைத்து உலர்த்திய குந்த்ருக் கீரை எனக்குப் பிடித்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஆராதனை சனிக்கிழமை, ஏனென்றால் இங்கே வார விடுமுறை அன்றுதான். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் தரையில் உட்காருகிறோம். முழங்கால் வலிக்காரர்கள் ஓரமாக நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

மதமாற்றத்துக்குத் தடை உள்ள நாட்டில் மிஷனரி என்று எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்? – வாசகர், சாயர்புரம்

தடை உண்மைதான். 2015 அரசியல் சாசனத்தின் 26-ம் பிரிவிலேயே இருக்கிறது. 2017-ல் வந்த தண்டனைச் சட்டப்படி ஐந்து வருஷம் வரை சிறை. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். நாங்கள் அந்தச் சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம், மறைமுகமாகக்கூட மீறுவதில்லை.

இந்த ஊழியம் தொடங்கியதே அப்படித்தான். முசூரியில் ஆசிரியராக இருந்த ராபர்ட் ஃப்ளெமிங் பறவை ஆராய்ச்சிக்காக நேபாளம் வந்தார். டாக்டரான அவர் மனைவி பெத்தேல் தான்சேனுக்கு வந்து நோயாளிகளைப் பார்த்தார். அரசு அனுமதி கொடுத்த பிறகுதான் 1954-ல், இந்த மருத்துவமனையை நடத்துகிற யுனைடெட் மிஷன் டு நேபாள் உருவாயிற்று. அழைப்பு வந்தது வைத்தியத்துக்கு. அதை நேர்மையாகச் செய்வதுதான் கடமை. சட்டம் இல்லாவிட்டாலும் எனக்கு ஒரு எண்ணம் உண்டு: எழும்பிப் போக முடியாமல் கிடக்கிறவருடைய கட்டிலருகே நின்று பிரசங்கம் பண்ணுவது நியாயமே இல்லை.

பணத்துக்கு என்ன செய்கிறீர்கள்? – வாசகர், நாகர்கோவில்

பென்ஷன்தான். இந்திய ரூபாய் ஒன்றுக்கு நேபாள ரூபாய் 1.60. இரண்டு பேருக்குத் தாராளமாகப் போதும். இந்தியர்களுக்கு நேபாளம் வர விசா வேண்டாம் என்பதும் ஒரு சௌகரியம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை மட்டும் ஊரிலிருந்தே சேர்த்துக் கொண்டுவந்துவிடுவோம்.

ஊரில் ஒரு துக்கம் என்றால் என்ன செய்வீர்கள்? – வாசகி, பாளையங்கோட்டை

கேட்கத் தயங்கியிருப்பீர்கள், கேட்டது நல்லது. என் பெரிய மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, இறந்த செய்தி மழைக்காலத்தில் வந்தது. தான்சேனிலிருந்து புட்வலுக்கு இறங்கும் வழியில் சித்தபாபா பக்கம் பாறை சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. ரோடு திறந்தாலும் சுனௌலி எல்லை, அங்கிருந்து கோரக்பூர், அப்புறம் சென்னைக்கு இரண்டு நாள் ரயில். அடக்கத்துக்குப் போய்ச் சேர வழியே இல்லை. தம்பி போனைப் பிடித்துக் காட்ட, தன்னை எடுத்து வளர்த்த அக்காவின் முகத்தை இவர் அதில்தான் பார்த்தார். அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆறிவிட்டது என்று சொல்லி உங்களை அனுப்பிவைக்க எனக்கு மனசு வராது.

அதனால் புறப்படும் முன்பே கூடப்பிறந்தவர்களை ஒருநாள் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். யாருக்காவது முடியாமல் போனால் காத்திருக்க வேண்டாம், அடக்கத்தை நடத்திவிடுங்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். எண்பது தாண்டிய தாயோ தகப்பனோ உங்களை நம்பி வீட்டில் இருந்தால் இப்போது வராதீர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே வேலை அப்போதும் இருக்கும்.