உப்பளச் சிவப்பு முதல் நீல நிறமி வரை: நுண்பாசி கேள்வி பதில்

வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளி: அண்ணே, கோடையில எங்க பாத்தி ரத்தச் சிவப்பா மாறுது. அது பீட்டா கரோட்டீன்ங்கிற ஆரஞ்சு நிறமி, நல்ல விலை போகும்ங்கிறாங்க. நெசமா?

பாதி நெசம் தம்பி. சிவப்புக்கு டுனாலியெல்லா சலினாங்கிற நுண்பாசி ஒரு காரணம். பீட்டா கரோட்டீன் அதுலதான் இருக்கு. ஆனா உப்பு விளையுற கடைசிப் பாத்தியில பெரும்பாலும் ஆர்க்கியாங்கிற நுண்ணுயிர்தான் ஓங்கி நிக்கும். அதோட நிறமியே வேற. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல 400 மடங்குல பாருங்க. சுமார் 10 மைக்ரான் நீளத்துல, முட்டை வடிவுல, ரெண்டு சாட்டையிழையை வீசி ஓடுச்சுன்னா டுனாலியெல்லா. வெறும் பொடிப் புள்ளியா மொய்ச்சா மற்றது. சொட்டுல நல்ல தண்ணி கலந்துடாதீங்க. டுனாலியெல்லாவுக்குச் செல்சுவர் கிடையாது, ஊதி வெடிச்சிடும்.

தொண்டி முதுகலை மாணவி: பாக் நீரிணையிலிருந்து பிரிச்ச டுனாலியெல்லா வகைகள்ல, அசிட்டோன்ல இறக்கின நிறமிச் சாறு அடர்த்தியா வந்ததை மட்டும் வச்சுக்கிட்டு மற்றதைக் கழிச்சிடலாமா சார்?

வேண்டாம்மா, அவசரப்பட்டுக் கழிக்காதீங்க. நல்லா வளர்ற டுனாலியெல்லா பச்சையாத்தான் இருக்கும். நைட்ரேட்ங்கிற சத்தைக் குறைச்சு, உப்பையும் வெளிச்சத்தையும் கூட்டினாத்தான் ஆரஞ்சாகும். நல்ல வகையில உலர் எடையில 10 சதவீதம் வரைகூட நிறமி சேரும். ஆனா அந்த நெருக்கடியில வளர்ச்சி படுத்துடும். அதனால எல்லா வகையையும் ஒரே வயசுல, ஒரே வெளிச்சத்துல முதல்ல வளருங்க, பிறகு அந்த நெருக்கடியைக் கொடுங்க. ஒரு லிட்டர்ல ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் நிறமிங்கிற கணக்குதான் தீர்ப்பு. சதவீதம் மட்டும் பார்த்தா, மெதுவா வளர்ற வகை முதலிடத்துக்கு வந்துடும்.

பரமக்குடி ஆசிரியர்: ஸ்பைருலினாங்கிற நீலப்பச்சைப் பாசியை அசிட்டோன்ல ஊறவைத்தும் நீலம் இறங்கவில்லையே?

இறங்காதுங்க ஐயா. அந்த நீல நிறமி பைக்கோசயனின், தண்ணியில கரையுற புரதம். பிஎச் 7 பாஸ்பேட் கரைசல்ல போட்டு, உறையவைச்சு உருக்குங்க, ரெண்டு மூணு முறை. தெளிஞ்ச நீலத்தை 620 நானோமீட்டர் அலைநீள ஒளியில அளக்கலாம். சூடும் வெயிலும் படக் கூடாது.

கீழக்கரை வாசகர்: அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி தரும் ஹீமட்டோகாக்கஸ் நுண்பாசி நம்ம கடலில் கிடைக்குமா?

கடல்ல தேடாதீங்க, அது நன்னீர்ப் பாசி. மழை தேங்குற பாறைக்குழி, தொட்டியில பாருங்க.

மண்டபம் இளைஞர்: தீவுப் பக்கம் போய் மாதிரி எடுக்கலாமா அண்ணே?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள்ள வருது தம்பி. வனத்துறை அனுமதி கைக்கு வந்த பிறகு படகேறுங்க. உப்பளத்துல எடுக்கணும்னா உரிமையாளர்கிட்ட கேட்டுட்டு எடுங்க.