தொட்டபெட்டாவைவிட உயரமான ஊரில் நூறு மைல் சைக்கிள் பந்தயம்: ஒரு வாசகரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: அமெரிக்காவில் டாலஸ் நகரில் வசிக்கிறேன். வயது 44, சொந்த ஊர் ஈரோடு, சுத்த சைவம். நான்கு வருடங்களாக மவுண்டன் பைக் ஓட்டுகிறேன். வாரத்துக்கு ஒன்பது, பத்து மணி நேரம் மிதிக்க முடிகிறது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் சக்தி, அதாவது எஃப்டிபி, 220 வாட். எடை 72 கிலோ. வருகிற ஆகஸ்டில் கொலராடோவில் நடக்கும் லெட்வில் டிரெயில் 100 பந்தயத்துக்குக் குலுக்கலில் இடம் கிடைத்திருக்கிறது. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. 12 மணி நேரத்துக்குள் முடிக்க ஆசை. நான் இருப்பதோ கிட்டத்தட்ட கடல் மட்டம். ஒரு வாரம்தான் விடுமுறை கிடைக்கும். எப்போது போய்ச் சேர வேண்டும்? முகமூடி மாட்டிக்கொண்டு பயிற்சி செய்யச் சொல்கிறார் ஒரு நண்பர். டயமாக்ஸ் மாத்திரை போட்டால் போதும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மாத்திரையிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் அதுதான். டயமாக்ஸ் என்ற பெயரில் கிடைக்கும் அசிட்டசோலமைடு, உயரத்தில் வரும் மலைநோயைத் தடுக்க நல்ல மருந்து. மலையேறப் போகிறவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தருவதும் உண்டு. ஆனால் அது சிறுநீரைப் பெருக்கும் வகை மருந்து. அந்த வகை முழுவதையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா தடை செய்திருக்கிறது. பந்தய நாளில் மட்டும் என்றில்லை, எந்த நாளிலும் தடைதான். அமெச்சூர் வீரர்தானே என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவக் காரணம் இருந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்கு அனுமதி வாங்க வழி இருக்கிறது. அது போக, இந்த மாத்திரை விரல்நுனிகளில் ஊசி குத்துவது போன்ற மரமரப்பைத் தரும், அடிக்கடி சிறுநீர் கழிக்க ஓட வைக்கும், கடுமையாக உழைக்கும் திறனையும் சிலருக்குக் குறைக்கும். பந்தயத்துக்காக இதை எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே போய் உண்மையிலேயே உடம்பு சரியில்லாமல் போனால் அது வேறு கதை. அப்போது மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், பந்தயத்தை மறந்துவிடுங்கள்.

முகமூடி விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். அது மூச்சை இழுப்பதைக் கடினமாக்குகிறது, அவ்வளவுதான். உள்ளே போகும் காற்றின் அழுத்தம் டாலஸ் அழுத்தமாகவே இருக்கும். ரத்தம் எதையும் கற்றுக்கொள்ளாது. காசை மிச்சம் பிடித்து நல்ல டயர் வாங்குங்கள்.

இப்போது உயரத்துக்கு வருவோம். ஊட்டியில் தொட்டபெட்டா உச்சியில் நின்றிருப்பீர்கள். அது 2,637 மீட்டர். லெட்வில்லின் கடைத்தெருவே அதைவிட 450 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. பந்தயம் திரும்பும் இடமான கொலம்பைன் சுரங்கம் ஏறக்குறைய 3,800 மீட்டர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கேயும் 21 சதவீதம்தான். குறைவது அழுத்தம். லெட்வில்லில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம், கொலம்பைனில் 63 சதவீதம் அளவில் இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குச் சுருங்குகிறது. உடம்பு வேகமாக மூச்சு வாங்கி ஓரளவு ஈடுகட்டும். முழுதாக ஈடுகட்ட முடியாது.

அதனால் டாலஸில் உங்களிடம் இருக்கும் 220 வாட், லெட்வில்லில் 175 முதல் 180 வாட்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொலம்பைன் உச்சியில் இன்னும் குறையும். நீங்கள் பலவீனமாகிவிட்டீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. கடல் மட்டத்திலிருந்து வரும் எல்லோருக்கும் இதுதான் கணக்கு. ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. காற்று லேசாக இருப்பதால் சமதளத்தில் அதே வாட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் கிடைக்கும்.

எப்போது போய்ச் சேருவது? உயரத்துக்குப் போன முதல் சில நாட்களில் உடம்பு ரத்தத்தின் நீர்ப்பகுதியைக் குறைத்து ரத்தத்தைக் கெட்டியாக்கிக்கொள்ளும். மூச்சின் வேகம் ஒரு வாரம், பத்து நாளில் புதிய இடத்துக்குப் பழகும். சிவப்பணுக்கள் உருப்படியாகப் பெருக மூன்று, நான்கு வாரம் ஆகும். உங்கள் ஊரான டாலஸைச் சேர்ந்த ஆய்வாளர் பெஞ்சமின் லெவினும் அவருடைய சகாவும் 1997-ல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் ஓட்டப்பந்தய வீரர்களை 2,500 மீட்டரில் தங்கவைத்து, 1,250 மீட்டருக்கு இறக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கே நான்கு வாரம் எடுத்தார்கள். உங்களிடம் இருப்பது ஒரு வாரம். ஆகவே சிவப்பணுக் கனவை விட்டுவிடுங்கள். மூச்சு பழகுவதும், தூக்கம் சீராவதும், தலைவலிக் கட்டத்தைத் தாண்டுவதும் அந்த ஒரு வாரத்தில் நடக்கும். பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் சைக்கிளில் இருக்கப்போகிறவருக்கு அதுவே பெரிய லாபம்.

பந்தயத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்னால் போய் இறங்குவதை நான் விரும்புவதில்லை. மலைநோயின் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் முதல் மூன்று நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். பந்தயம் சனிக்கிழமை. அதற்கு முந்தைய வாரத்து வெள்ளிக்கிழமை மாலையே கிளம்புங்கள். அன்று இரவு 1,600 மீட்டரில் இருக்கும் டென்வரில் தூங்குங்கள். அடுத்த மூன்று இரவுகள் பியூனா விஸ்டாவில் தங்குங்கள். லெட்வில்லுக்குத் தெற்கே இருக்கும் அந்த ஊரின் உயரம் சுமார் 2,430 மீட்டர். பகலில் காரில் லெட்வில்லுக்குப் போய் ஒரு மணி நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு, இரவுக்குத் திரும்பிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை முதல் லெட்வில்லிலேயே தங்கலாம். முதல் சில இரவுகளில் மூச்சு சட்டென்று நின்று, பிறகு வேகமாக இழுப்பது போலத் தூக்கம் கலையும். பயப்பட வேண்டாம், அந்த உயரத்தில் பலருக்கும் வருவதுதான். தூக்க மாத்திரையும் மதுவும் மட்டும் கூடாது.

ஜூலை 4 விடுமுறையை ஒட்டி மூன்று, நான்கு நாள் ஒரு முறை போய்வர முடிந்தால் கட்டாயம் போய்வாருங்கள். அதில் ரத்தம் பெரிதாக மாறாது. ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் உங்கள் மூச்சு எப்படி இறைக்கிறது, எந்த வாட்டில் கால் கனக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். புத்தகக் கணக்கைவிட அது நம்பகமானது.

டாலஸ் வெயிலையும் வீணாக்காதீர்கள். வெப்பத்தில் பயிற்சி செய்தால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும். பல வாரங்கள் தொடர்ந்து செய்த சைக்கிள் வீரர்களிடம் ஹீமோகுளோபினும் சற்றுக் கூடியதை நார்வே ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மலைக்கு அது ஈடாகாது. இருந்தாலும் ஜூலையில் வாரத்துக்கு மூன்று, நான்கு முறை வெயில் நேரத்தில் 50 நிமிடம் மெதுவாக மிதிப்பது நல்ல முதலீடு. தண்ணீரும் உப்பும் கையோடு இருக்கட்டும், தலை சுற்றினால் உடனே நிறுத்துங்கள்.

சைவம் என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இரும்புச்சத்துதான். உயரத்தில் உடம்பு சிவப்பணு உருவாக்கத் தொடங்கும்போது இரும்பு கையிருப்பு இல்லாவிட்டால் வேலை நடக்காது. உடம்பில் உள்ள இரும்பு கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனையை இப்போதே செய்யுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கும் சைவ வீரர்களைப் பார்த்திருக்கிறேன். 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் பேசி மாத்திரை எடுங்கள், இரண்டு மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்க வேண்டாம். அது சிலருக்குக் கெடுதல். முருங்கைக்கீரையும் பயறும் சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் காபி குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள்.

சரி, பந்தய நாள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இனி சொல்லப்போவதை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஆறரை மணி, கைவிரல் விறைக்கும் குளிர், சுற்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஊரிலிருந்து இறக்கத்தில் கிளம்பிக் கொஞ்ச நேரத்திலேயே செயின்ட் கெவின்ஸ் ஏற்றம் வந்துவிடும். எல்லோரும் முட்டி மோதி ஏறுவார்கள். நீங்களும் 230, 240 வாட் மிதிப்பீர்கள், கால் வலிக்காது, எளிதாகவே தோன்றும். கடல் மட்டத்தில் இப்படி ஒரு முறை எல்லை மீறினால் இரண்டு நிமிடத்தில் மூச்சு திரும்பிவிடும். 3,100 மீட்டரில் திரும்பாது. அங்கே எல்லை மீறும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பின்னால் நீண்ட நேரம் விலை கொடுக்க வேண்டும். அந்த விலையை மதியம், திரும்பும் வழியில் வரும் பவர்லைன் என்ற ஏற்றத்தில் வசூலிப்பார்கள். ஆகவே ஏற்றங்களில் 165 வாட்டைத் தாண்டாதீர்கள், கொலம்பைனின் மேல்பகுதியில் 150. நாள் முழுவதுக்குமான சராசரி 130 சுற்றி இருந்தால் போதும். இதயத் துடிப்பை நம்பி ஓட்டாதீர்கள். உயரத்தில் சாதாரண வேகத்துக்கே துடிப்பு கூடும், உச்சத் துடிப்போ குறையும், எண்கள் குழப்பும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். பாதியில் மூச்சு இழுக்க வேண்டியிருந்தால் கியரைக் குறையுங்கள்.

100 மைலுக்குச் சற்று அதிகமான தூரம், மொத்த ஏற்றம் 3,600 மீட்டருக்கும் மேல். போன வழியிலேயே திரும்பி வர வேண்டும். 12 மணி நேரத்துக்குள் வருபவர்களுக்கு வெள்ளி பெல்ட் பக்கிள் தருகிறார்கள். மூடிப்போன சுரங்கத்தால் வேலையிழந்து நின்ற ஊரைத் தூக்கி நிறுத்த கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி 1983-ல் நூறு மைல் ஓட்டப்பந்தயம் ஒன்றைத் தொடங்கினார். சைக்கிள் பந்தயம் 1994-ல் சேர்ந்தது.

உங்கள் சக்திக்கு 12 மணி நேரம் சாத்தியம்தான், ஆனால் கையில் மிச்சம் இருக்காது. 5 மணி 45 நிமிடத்துக்குள் கொலம்பைன் உச்சியில் இருக்கப் பாருங்கள். உச்சிக்கு முன்னால் கடைசி இரண்டு மைல் சரளைக் கற்களாக, செங்குத்தாக இருக்கும். பாதிப்பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடப்பார்கள். தள்ளுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இப்போதே பந்தய ஷூவோடு வாரம் ஒரு முறை பத்து நிமிடம் சைக்கிளைத் தள்ளி மேடேறிப் பழகுங்கள். அந்தப் பாதையில் எதிரே வேகமாக இறங்கி வருபவர்கள் இருப்பார்கள், வலது ஓரத்தை விடாதீர்கள். திரும்பும்போது 80 மைல் வாக்கில் வரும் பவர்லைன் இதைவிடக் கொடுமை. முன்னால் 30 பல் சக்கரம், பின்னால் 52 பல் வரை போகும் கேசட், அதாவது பல்சக்கர அடுக்கு, போடுங்கள். முன்னால் 34 பல் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடு. உயரத்தில் பசி மந்தமாகும், ஆனால் மாவுச்சத்தின் தேவை கூடும். அதே ஆக்சிஜனில் கொழுப்பைவிட மாவுச்சத்து சற்றுக் கூடுதல் சக்தி தரும். மணிக்கு 60 முதல் 80 கிராம் என்று இப்போதிலிருந்தே வயிற்றைப் பழக்குங்கள். ஆறாவது மணி நேரத்தில் இனிப்பு திகட்டிவிடும். போகும்போதும் வரும்போதும் ட்வின் லேக்ஸ் உதவி முகாமைக் கடப்பீர்கள். வீட்டில் யாராவது உடன் வந்தால், அங்கே உப்பு போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கும் பிளாஸ்க்கில் சூடான ரசமும் வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர், உப்போடு. பயத்தில் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து.

அப்புறம், வாடகை வீட்டுக்குக் குக்கரை எடுத்துப் போக மறக்காதீர்கள். லெட்வில்லில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும், பருப்பு எளிதில் வேகாது.

டயரில் ஒரு கணக்கு. டாலஸில் 20 பிஎஸ்ஐ அடித்துக் கொண்டுபோனால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் லெட்வில்லில் மீட்டர் 24-க்கு மேல் காட்டும். கல்லில் சைக்கிள் துள்ளும். அங்கே போனதும் அளந்து, வழக்கமான அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

கொலம்பைனில் மரங்களே இல்லாத உயரத்தில் இருப்பீர்கள். மதியத்தில் இடியும் ஆலங்கட்டி மழையும் சட்டென்று வரும் ஊர் அது. காலையில் வானம் நீலமாக இருந்தாலும் மெல்லிய மழைக் கோட்டு முதுகுப் பையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த அறிகுறிகளை உங்களோடு வருபவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு முட்டுவது, விடாத இருமல், நெஞ்சில் சளி கொழகொழப்பது என்றால் நுரையீரலில் நீர் சேர்கிறது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது என்றால் மூளை வீங்குகிறது. இரண்டுக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவ உதவி, உடனே கீழே இறங்குவது. பியூனா விஸ்டாவுக்குப் போனாலே 650 மீட்டர் இறங்கியதாகும். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் பண்பு, அதாவது சிவப்பணுக்கள் அரிவாள் போல வளையும் பரம்பரைக் கூறு, இருந்தால், கிளம்பும் முன் மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

பந்தயம் ஊரின் 6-ஆம் தெருவில் சிவப்புக் கம்பளத்தில் முடியும். நீங்கள் வந்து சேரும் நேரம் மாலை, வியர்வையில் நனைந்திருப்பீர்கள், பத்து நிமிடத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கும். கோட்டைத் தாண்டியதும் போர்த்த ஒரு கனமான ஸ்வெட்டரை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். ஃபெரிட்டின் எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மீதிப் பயிற்சித் திட்டத்தை அதை வைத்துப் பேசுவோம்.