இரைப்பையை உள்ளிருந்தே தைத்துச் சுருக்கும் சிகிச்சை: கேள்வி பதில்

எண்டொஸ்கொப்பி (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும்) அறையில் நெடுங்காலம் தாதியாக நின்றவள் நான். வயிற்றைக் கிழிக்காமல் இரைப்பையைச் சுருக்குவது பற்றித் திருகோணமலை உறவுகள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி அக்கா: வெட்டாமல் இரைப்பை எப்படிச் சிறுக்கும்?

முழு மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் கமராக் குழாயை இறக்குவார்கள் அக்கா. அதன் நுனியில் வளைந்த ஊசி இருக்கும். இரைப்பையின் வெளிவளைவுச் சுவரை உள்ளிருந்தே குத்திக் கோர்த்து நூலை இழுப்பார்கள். சீலைப் பையொன்றின் ஒரு பக்கத்தில் இழையோடி நூலை இழுத்துப் பாருங்கள், பை சுருங்கிக் குழாய் மாதிரி வரும். அதேதான். திரையில் பார்த்தால் அகன்ற இரைப்பை கண்முன்னே ஒடுங்கிவிடும். கொள்ளளவு ஏறக்குறைய 70 சதவீதம் குறையும். ஒன்று, ஒன்றரை மணித்தியால வேலை. ஒன்றையும் வெட்டி எடுப்பதில்லை.

நிலாவெளித் தம்பி: நான் 100 கிலோ. எவ்வளவு இறங்கும்?

2022இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், ஒரு வருடத்தில் உடல் நிறையில் சராசரியாக 13.6 சதவீதம் இறங்கியது. உங்கள் கணக்கில் 13, 14 கிலோ. தையல் இல்லாமல் சாப்பாட்டையும் நடையையும் மட்டும் மாற்றியவர்களுக்கு 0.8 சதவீதம்தான். ஆனால் தம்பி, தையல் போட்டவர்களும் சாப்பாட்டையும் நடையையும் மாற்றினார்கள். நூல் தனியே அந்தக் கிலோக்களைக் குறைக்கவில்லை. இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சையில் இதைவிடக் கூடுதலாக இறங்கும், ஆனால் வெட்டியது வெட்டியதுதான்.

தம்பலகாமம் தங்கச்சி: ஐந்தடி உயரம், 72 கிலோ. எனக்குச் சரிவருமா?

உங்கள் உடற்திணிவுச் சுட்டி (BMI, உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு) 31. அமெரிக்காவில் 2022இல் அனுமதித்தது 30 முதல் 50 வரை உள்ளவர்களுக்கு. சுட்டி மட்டும் போதாது தங்கச்சி. அல்சர், பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேற்பகுதி நெஞ்சுக்குள் ஏறுவது), இரத்தம் உறையாமல் குடிக்கும் மருந்து, பிள்ளை பெறும் எண்ணம், எல்லாவற்றையும் வைத்தியரிடம் முதலே சொல்லுங்கள்.

பலூன் வைப்பதும் இதுவா?

இல்லை. அது இரைப்பைக்குள் இடத்தைப் பிடிக்கும் பலூன். வழமையாக 6 மாதத்தில் எடுத்துவிட வேண்டும்.

கிண்ணியாச் சகோதரர்: பிறகு சாப்பாடு? நோன்பு பிடிக்கலாமா?

முதல் சில நாள் குமட்டலும் வயிற்றுப் பிடிப்பும் படுத்தும். இரண்டு கிழமையளவு நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மெல்லியது. அரைக் கோப்பைத் தண்ணீரை அரை மணித்தியாலம் வைத்துக் குடிக்க வேண்டியிருக்கும். அதனால் நோன்பு கிட்ட இருந்தால் சிகிச்சைத் திகதியைத் தள்ளிப் போடுங்கள். பின்னாளில் தட்டில் முதலில் மீன், முட்டை, பருப்பு, கடைசியில் புட்டு. சீனி போட்ட பால்தேத்தண்ணியில் கவனம்! எவ்வளவு சின்ன இரைப்பைக்குள்ளும் அது வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும், நிறையும் ஏறிவிடும்.

மூதூர் ஐயா: ஆபத்து உண்டா? எனக்குச் சீனி வருத்தம்.

மேலே சொன்ன லான்செட் ஆய்வில் 100 பேரில் 2 பேருக்குக் கடும் சிக்கல் வந்தது, உயிரிழப்பு இல்லை. இரத்தம் கசியலாம், இரைப்பைக்கு வெளியே சீழ் கட்டலாம். சாப்பாடு குறைவதால் குளிசை, இன்சுலின் அளவையும் குறைக்க வேண்டி வரும். பழைய அளவில் போட்டால் சீனி விழுந்து மயங்குவீர்கள் ஐயா, கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டு போகும் நோ, கறுப்பு மலம், இரத்த வாந்தி எதுவும் வந்தால் தையல் போட்ட தூரத்து ஊருக்குப் பஸ் பார்க்க வேண்டாம், கிட்டவுள்ள பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பத்திரியில் தரும் டயக்னோசிஸ் கார்ட்டின் (நோய் விவர அட்டையின்) பிரதியை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருங்கள்.