தோட்டத்து வீட்டுக்குள் ஆள் புகுந்தால் திருப்பித் தாக்கலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டில் நானும் மனைவியும் மட்டும் இருக்கிறோம். எனக்கு 64 வயது. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். கூப்பிடு தூரத்தில் வேறு வீடு கிடையாது. பல்லடம், சிவகிரி பக்கம் நடந்த கொலைகளுக்குப் பிறகு இரவில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. துப்பாக்கி உரிமம் வாங்கலாமா? அதுவரை கட்டிலுக்கடியில் அரிவாள் வைத்துக்கொள்ளலாமா? சின்ன வயதில் கற்ற சிலம்பத்தை மறுபடியும் பழகி, மனைவிக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். நாங்கள் அடித்து, வந்தவன் செத்துப்போனால் கொலை வழக்கு வருமா? வேலியில் கரண்ட் கொடுத்துவிடலாம் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். அப்பா வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவர் காலமாகிவிட்டார்.

பதில்: வணக்கம் ஐயா. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் ஒரு வயதான தம்பதியும் அவர்கள் மகனும், 2025இல் சிவகிரி அருகே இன்னொரு வயதான தம்பதியும் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு இந்தப் பயம் வராதவர்கள் உங்கள் பக்கம் குறைவு. எனவே நேராகவே சொல்கிறேன். ஆபத்து உங்கள் முன்னால் நிற்கும் வரை சட்டம் உங்கள் பக்கம்தான். அது விலகிய பிறகு கொடுக்கிற அடிதான் ஆட்களைச் சிறைக்கு அனுப்புகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. பழைய சட்டத்தில் இவை 96 முதல் 106 வரை இருந்தன. உங்கள் உயிரை மட்டுமல்ல, மனைவியின் உயிரையும், முன்பின் தெரியாத ஒருவரின் உயிரையும் காக்க இந்த உரிமை உண்டு. கொன்றுவிடுவான் அல்லது கொடுங்காயம் ஏற்படுத்துவான் என்று நியாயமாக அஞ்சும்படி ஒருவன் தாக்கினால், அவனைத் தடுக்கும்போது உயிரே போனாலும் அது குற்றமல்ல என்கிறது 38ஆம் பிரிவு. பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவையும் அதே பட்டியலில் வருகின்றன. முதல் வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாக்கப்போகிறான் என்ற நியாயமான அச்சம் வந்த நொடியிலேயே உரிமை தொடங்கிவிடுகிறது.

சொத்து விஷயத்தில் அளவுகோல் கடுமையானது. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் பூட்டை உடைத்தோ ஓட்டைப் பிரித்தோ வீட்டுக்குள் நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது போன்றவற்றில்தான் 41ஆம் பிரிவு உயிர்போகும் அளவுக்கு அனுமதிக்கிறது. அதிலும் தேவைக்கு மேல் தாக்கக்கூடாது. தோப்பில் இளநீர் வெட்டுகிறவனைத் தடுக்கலாம், பிடிக்கலாம். ஆனால் அவனிடமிருந்து உயிராபத்து எதுவும் இல்லாதபோது வெட்டினால் நீங்கள்தான் குற்றவாளி.

நடுராத்திரியில் பதற்றத்தோடு நிற்கிறவன் எத்தனை அடி போதும் என்று கணக்குப் பார்க்க முடியுமா? முடியாது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும். 2010இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. நிலத் தகராறில் தன் தந்தையை அரிவாள் போன்ற ஆயுதத்தால் தாக்கியவரை மகன் துப்பாக்கியால் சுட்டுவிட்டார். உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நேரத்து அச்சத்தையும் குழப்பத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறான், அல்லது அடிபட்டு எழ முடியாமல் கிடக்கிறான். அந்த நொடியோடு உங்கள் உரிமை முடிந்தது. துரத்திப் போய் வெட்டினாலோ, தென்னை மரத்தில் கட்டி வைத்து ஊரே சேர்ந்து அடித்தாலோ அது தற்காப்பு ஆகாது. உரிமை இருந்து, நல்லெண்ணத்தில் எல்லை மீறிவிட்டீர்கள் என்றால் கொலை என்பது கொலையாகாத மரணமாகக் குறையலாம். அதற்கே 105ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரையும், சில நிலைகளில் ஆயுள் வரையும் தண்டனை இருக்கிறது. உங்கள் கண்ணெதிரே கொள்ளைக்கு வந்தவனைப் பிடித்துவைக்க உங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.

சிலம்பம் தாராளமாகப் பழகுங்கள், எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பயிற்சி எடுத்தவர் என்பதற்காகத் தற்காப்பு உரிமை குறைந்துவிடாது. நிதானமாகத் தடுத்து, அளவோடு அடித்து, பின்வாங்கத் தெரிந்தவருக்கு நீதிமன்றத்திலும் நல்லது என்பது என் கருத்து. 2019 ஆகஸ்டில் கடையம் அருகே ஒரு வயதான தம்பதி என்ன செய்தார்கள் என்று பார்த்திருப்பீர்கள். முகமூடியோடு அரிவாளுடன் இரண்டு பேர் வந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தை ஒருவன் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான். உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா முதலில் கையில் கிடைத்த செருப்பை எறிந்தார், பிறகு பிளாஸ்டிக் நாற்காலிகள். பெரியவரும் எழுந்து சேர்ந்துகொள்ள, வந்தவர்கள் ஓடிப்போனார்கள். எல்லாம் சிசிடிவியில் பதிவானது. அரசு அவர்களுக்கு விருது கொடுத்தது. அந்தக் கேமராவைக் கவனியுங்கள். யார் முதலில் தாக்கியது என்ற கேள்விக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வாசலுக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று, அப்புறம் உறுதியான கிரில் கதவு, இரவு முழுக்க எரியும் விளக்கு, நாய். துப்பாக்கிக்கு முன்னால் இவற்றுக்குச் செலவு செய்யுங்கள்.

விவசாயி வீட்டில் அரிவாள் இருப்பது குற்றமல்ல. ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைத்தாலும், வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கானவற்றுக்கு விலக்கு தருகின்றன. அதையே காரில் சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போனால் வாகனச் சோதனையில் பதில் சொல்ல வேண்டிவரும். மனைவி பெப்பர் ஸ்ப்ரே வைத்துக்கொள்ளட்டும், உரிமம் தேவையில்லை. வாய்த் தகராறுக்கெல்லாம் அதை எடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

மின்வேலி வேண்டவே வேண்டாம். ஒருவர் தன் கழிப்பறைக்கு யாரும் வரக்கூடாது என்று வீட்டிலிருந்து மின்சாரம் இழுத்து, வெறும் கம்பியைக் கட்டி வைத்தார். எச்சரிக்கை எதுவும் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்துபோனார். செருபின் கிரிகோரி எதிர் பீகார் மாநிலம் என்ற அந்த வழக்கில், அத்துமீறி நுழைந்தவர் என்பதால் அவர் உயிருக்குப் பாதுகாப்பு இல்லாமல் போய்விடாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கம்பிக்குத் திருடன் யார், ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துத் தோட்டத்துப் பையன் யார் என்று தெரியாது.

துப்பாக்கி உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்கலாம். ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வேண்டும். போலீஸ் அறிக்கை வாங்கிய பிறகே முடிவு செய்வார்கள். உங்களுக்கென்று குறிப்பாக என்ன ஆபத்து என்பதை ஆதாரத்தோடு எழுதுங்கள். முன்பு திருட்டு நடந்து கொடுத்த புகார் இருந்தால் சி.எஸ்.ஆர். ரசீதையோ (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருவது) எஃப்.ஐ.ஆர். நகலையோ இணையுங்கள். போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் மறுக்கக் கூடாது. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. கிடைத்தால் உரிமம் ஐந்து ஆண்டுக்கு. அது ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. நீங்கள் ஊருக்குப் போய்விட்டு மனைவி தனியாக இருக்கிற இரவில் உங்கள் உரிமம் அவருக்கு உதவாது. தேர்தல் நேரத்தில் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். இவ்வளவையும் யோசித்து முடிவு செய்யுங்கள்.

அசம்பாவிதம் நடந்தே விட்டால் உடனே 100 அல்லது 112க்குப் பேசுங்கள். அடிபட்டுக் கிடப்பவனுக்கும் ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள், அது உங்கள் நல்லெண்ணத்தைக் காட்டும். கிடப்பதைக் கிடந்த இடத்திலேயே விடுங்கள். ரத்தத்தைக் கழுவுவது, ஆயுதத்தைக் கிணற்றில் போடுவது, 'எனக்கு எதுவும் தெரியாது' என்பது, இந்த மூன்றும் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும். உங்கள் உடம்பில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், அரசுத் தரப்பு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்கக்கூடியது என்று காட்டினாலே போதும். அந்த மருத்துவக் குறிப்பு அதற்குப் பெரிய துணை. 2012இல் மதுரையில் மகளைக் காக்க கணவரை அடித்துக் கொன்ற பெண்ணையும், 2021இல் திருவள்ளூர் மாவட்டத்தில் பலாத்காரம் செய்ய வந்தவனை அவன் கத்தியாலேயே குத்திய 19 வயதுப் பெண்ணையும் தற்காப்பு என்று ஏற்று போலீசாரே விடுவித்தார்கள். எல்லா வழக்கும் ஸ்டேஷனிலேயே முடியாது. கைது, ஜாமீன், விசாரணை என்று போகலாம். அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பரணில் கிடக்கும் துப்பாக்கி. இன்றைக்கு உங்களுக்குள்ள உண்மையான சட்டச் சிக்கல் இதுதான். உரிமம் இல்லாத துப்பாக்கிக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. திருடனை அதால் சுட்டு, தற்காப்பு என்று விடுதலையானாலும் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும். அந்தச் சட்டத்தின் 21ஆம் பிரிவு இப்படிப்பட்ட ஆயுதத்தைத் தாமதமில்லாமல் ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. வாரிசு என்ற முறையில் உரிமம் கேட்கவும் வழி இருக்கிறது. பையில் போட்டுக்கொண்டு நீங்களாகப் பஸ் ஏறிவிடாதீர்கள். அப்பாவின் பழைய உரிமம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வழக்கறிஞர் மூலம் இந்த வாரமே எழுத்துபூர்வமாகத் தகவல் கொடுங்கள். ஒப்படைக்கும்போது துப்பாக்கியின் விவரமும் தேதியும் குறித்த ரசீதைக் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.