கன்சியோனெஸில் குறி எங்கே போனது?

தம்பி, ஸ்பானிஷில் 'கன்சியோன்' (canción, பாட்டு) என்றால் 'ஓ' மேலே அழுத்தக் குறி இருக்கு, பன்மையில் 'கன்சியோனெஸ்' (canciones) என்றால் ஏன் இல்லை என்று கேட்டிருக்கிறீங்கள். முதல்ல அசை பிரியுங்கோ: கன்-சியோன். உயிரெழுத்து, 'என்' (n), 'எஸ்' (s) இந்த மூன்றில் முடியிற சொல்லுக்கு அழுத்தம் கடைசிக்கு முந்தின அசையில, மற்றதுக்குக் கடைசியில. 'கொழும்பு' ஸ்பானிஷில் கொ-லொம்-போ. 'லொம்' அழுந்தும், குறி வேண்டாம். ஆனால் 'கன்சியோன்' 'என்' எழுத்தில் முடிஞ்சும் கடைசி அசை அழுந்துது. விதியை மீறுறதாலதான் குறி. கன்-சியோ-னெஸ் விதிப்படியே 'சியோ'வில் அழுந்துது, குறி தேவையில்லை.

நீங்கள் 'சி-யோ' என்று ரெண்டாகப் பிரிச்சதுதான் சிக்கல். இ, உ மெலிந்த உயிர்கள். பக்கத்து உயிரோட ஒட்டி ஒரே அசையாகும். மா-ரியோ (Mario) என்ற பெயர் ரெண்டு அசைதான். அந்த 'இ'யில குறி விழுந்தால் மட்டும் பிரியும்: மா-ரீ-யா (María). இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கோ, கண்ணால பார்த்தால் பிடிபடாது.